மரத்துக்குத் தேமல்

பி.எஸ்ஸி. தாவரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, 2020 ஜனவரியில், கோடியக்கரைக்கு இரண்டு நாள் களப்பயணம் போனோம். வகுப்பில் 32 பேர். 31 பேருக்கு வெளிமானும் பூநாரையும் பார்க்க ஆசை. மீதி ஒருத்தி திருத்துறைப்பூண்டி தாண்டியதிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால் அவள் ஆசையை யாரும் கேட்கவில்லை. எங்கள் மேடத்துக்கு லைக்கன் பார்க்க ஆசை. இன்டர்னல் மார்க் யார் கையில் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அதுவரைக்கும் லைக்கன் என்றால் எனக்கு ஓர் ஐந்து மதிப்பெண் கேள்வி. பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் கூட்டுயிரி, மேலோடு போல ஒட்டிக்கொள்வது, இலை போல விரிவது, புதர் போலத் தொங்குவது என்று மூன்று வகை, ஒரு படம். எழுதிவிட்டு மறந்துவிடலாம். நேரில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுத் தென்னை மரத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் இருக்கும். சுண்ணாம்பு தெறித்தது என்று நினைத்திருந்தேன். அது பிக்ஸின் என்ற லைக்கனாம். அதில் ஓர் இனத்துக்குப் பெயரே தென்னையை வைத்து, பிக்ஸின் கோகோயஸ். இருபது வருடமாக அதன்மேல் முதுகைச் சாய்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வேதாரண்யம் தாண்டினால் உப்பளங்கள், அப்புறம் கோடியக்காடு, அதற்கப்புறம் கடல். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பக்கம் இது. ஒரு வருடம் கழிந்த பிறகும் வழியெல்லாம் தலையில்லாத தென்னைகள். காட்டுக்குள் வேரோடு சாய்ந்த மரங்கள் அப்படியே கிடந்தன. மேடம் பஸ்ஸிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நிக்கிற மரத்துல கத்தி படக்கூடாது. இது சரணாலயம். விழுந்த கிளையில இருந்து மட்டும் எடுக்கலாம், அதுவும் அனுமதிக் கடிதத்துல இருக்கிற அளவுக்குத்தான்."

எங்களோடு வனத்துறை வாட்சர் ஒருவர் வந்தார். ஐம்பது வயது தாண்டியவர். பாலை மரம் ஒன்றைச் சுற்றி நின்று நாங்கள் ஆளுக்கொரு கைலென்ஸை வைத்துக்கொண்டு பட்டையை முகர்வதுபோல் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். "இதையா பாக்க வந்தீங்க? இது மரத்துக்குத் தேமல் வந்தது, பாப்பா" என்றார்.

நாங்கள் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. "அண்ணே, நீங்க சொல்றது பாதி சரி. தேமலும் பூஞ்சைதான், இதுலயும் பூஞ்சை இருக்கு. ஆனா தேமல் நம்ம தோல்ல உக்காந்து நம்மகிட்டயே சாப்பிடுது. இது மரத்துகிட்ட ஒண்ணும் வாங்கறதில்ல. உக்கார இடம், அவ்வளவுதான்."

"அப்ப சோறு?"

உள்ளே இருக்கும் பாசி வெயிலில் சர்க்கரை செய்கிறது, பூஞ்சை அதில் பங்கு வாங்கிக்கொள்கிறது, பதிலுக்குக் கூரை போட்டுத் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது என்று மேடம் சொன்னார். வாட்சர் டெல்டாக்காரர் அல்லவா, உடனே கேட்டார்: "வாரமா, குத்தகையா?" அதாவது, விளைச்சலில் பங்கா, பேசிவைத்த அளவா.

இந்தக் கேள்வியை ஐரோப்பாவில் 150 வருடத்துக்கு முன்பே போட்டு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். லைக்கன் ஒற்றை உயிர் அல்ல, பூஞ்சையும் பாசியும் சேர்ந்தது என்று 1860களின் கடைசியில் சொன்ன சைமன் ஸ்வெண்டெனர், பூஞ்சையை எஜமான் என்றும் பாசியை அடிமை என்றும்தான் எழுதினார். மேடம் அதைப் பண்ணையார், பண்ணையாள் என்று மொழிபெயர்த்தார். அந்தக் காலத்து லைக்கன் வல்லுநர்கள் பலரும் அதை ஏற்கவில்லை. அவர்களில் பாரிஸில் இருந்த வில்லியம் நைலாண்டரும் ஒருவர். இத்தனைக்கும், லக்ஸம்பர்க் பூங்கா மரங்களில் இருக்கும் லைக்கன்கள் ஊரின் மற்ற பக்கங்களில் காணாமல் போயிருக்கின்றன, காற்று நன்றாக இருக்கிறதா என்று இவற்றைப் பார்த்தே சொல்லலாம் என்று 1866இலேயே எழுதியவர் அவர். அவ்வளவு கூர்மையான கண் உள்ளவருக்கு இதை நம்ப மனம் வரவில்லை.

வாட்சருக்கு நைலாண்டர் முக்கியமில்லை. "தனியா விட்டா எது பொழைக்கும்?" என்று கேட்டார். சில லைக்கன்களுக்குள் இருக்கும் டிரென்டிபோலியா என்ற பாசி தனியாகவும் வாழும், ஈரச் சுவரில் ஆரஞ்சு நிறத்தில் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஆனால் லைக்கனில் இருக்கும் பூஞ்சை இயற்கையில் தனியாக வாழ்வதைப் பார்ப்பது அபூர்வம் என்றார் மேடம். "அப்படின்னா பண்ணையார் யாருன்னு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் பீடி பற்றவைக்கக் காட்டுக்கு வெளியே போய்விட்டார். மேடம் அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு எழுப்பிவிட்டார்கள். ஏன் இந்த நேரத்தில் என்று முணுமுணுத்துக்கொண்டே போனோம். முந்தின நாள் மதியம் சாம்பல் நிறத்தில் காய்ந்துகிடந்த திட்டுகள் இப்போது பச்சையாக இருந்தன. எல்லாம் இல்லை, ஆனால் பல. கடல் காற்றின் ஈரமே பல லைக்கன்களுக்குப் போதும்; மழை வேண்டியதில்லை. வேர் கிடையாது. இலையில் இருப்பது போன்ற மெழுகுப் பூச்சும் கிடையாது. அதனால் பனியையும் ஈரத்தையும் உடம்பு முழுக்கக் குடிக்கிறது. புகையும் நஞ்சும் வந்தால் அதையும் அப்படியே குடிக்கிறது. ஈரமானதும் மேல்தோல் கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இருக்கும் பாசி தெரிகிறது. ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் கடையைக் கட்டிவிடும். நாங்கள் வழக்கமாகக் களப்பயணத்தைத் தொடங்குவதே பத்து மணிக்குத்தான்.

அன்றைய கதாநாயகன் ரோசெல்லா. கடலோர மரங்களில் சாம்பல் நிறத்தில் நாடா நாடாவாகத் தொங்கும். சடை விழுந்தது மாதிரி இருக்கும். நம் கரையோரம் நிறைய இருப்பது ரோசெல்லா மான்டேக்னி. கீழே விழுந்திருந்த கிளையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை மேடம் ஒரு சொட்டு விட்டார். பட்டென்று ரத்தச் சிவப்பு. பின்னாலிருந்து யாரோ "ஐயோ" என்றார்கள். உள்ளே இருக்கும் எரித்ரின், லெகனோரிக் அமிலம் இரண்டும் செய்கிற வேலை அது. இதே ரோசெல்லாக் குடும்பத்து லைக்கன்களை ஒரு காலத்தில் மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். அம்மோனியாவில், பழைய காலத்தில் புளித்த சிறுநீரில், வாரக்கணக்கில் ஊறவைத்துக் கிளறினால் ஊதாச் சாயம் வரும். பட்டுக்கும் கம்பளிக்கும் அதைத்தான் போட்டார்கள். 1856இல் பெர்கின் செயற்கை ஊதாவைக் கண்டுபிடித்த பிறகு அந்த வியாபாரம் மெல்லப் படுத்துவிட்டது. லிட்மஸ் தாளின் சாயமும் இந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். பிளஸ் டூ லேபில் எத்தனை லிட்மஸ் தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறேன்! அது மரத்தில் தொங்கியது என்று ஒருவரும் சொன்னதில்லை.

இனி என் சொதப்பல். மரத்தில் லைக்கன் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்கு ஒரு கம்பி ஏணி வைத்திருந்தோம். அகலம் 10 செ.மீ., உயரம் 50 செ.மீ., உள்ளே ஐந்து சதுரக் கட்டங்கள். தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் அதன் அடி வரும்படி மரத்தின் நான்கு திசையிலும் கட்டி, எந்த இனம் எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று எண்ண வேண்டும். திசை பார்க்கும் பொறுப்பு என்னுடையது. போனில் திசைகாட்டி இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். 12 மரம் முடித்துவிட்டோம். பதின்மூன்றாவது மரத்தில் நான் "கிழக்கு" என்று கத்த, வாட்சர் அமைதியாகச் சொன்னார்: "பாப்பா, சூரியன் அந்தப் பக்கம்ல நிக்குது."

போன் கவரின் மூடியில் ஒரு காந்தம். கவரைத் திறந்து மடக்குகிற விதத்துக்கு ஏற்ப முள் இஷ்டத்துக்குச் சுற்றியிருக்கிறது. 12 மரத்தின் திசைக் கணக்கும் குப்பை. தோழிகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மேடம் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "சரி, முதல் மரத்துக்குப் போவோம்" என்றார், அவ்வளவுதான். வெயிலுக்கு முன் ஆறு மரத்தை மறுபடி அளந்தோம். காட்டின் விளிம்பு மரங்களில் காற்று வந்து மோதும் கடல் பக்கம் ரோசெல்லா அடர்த்தியாக இருந்தது, மறுபக்கம் சொற்பம். நூறு அடி உள்ளே நிழலுக்குள் போனால் நாடா ஒன்றுகூட இல்லை. பட்டையோடு பட்டையாக ஒட்டிய மேலோட்டு வகைகள்தான். பழைய கணக்கை வைத்திருந்தால் இது தெரிந்தே இருக்காது, எல்லாத் திசையும் ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்திருப்போம்.

திரும்புகிற வழியில் கஜாவில் சாய்ந்த பெரிய பாலை ஒன்று. மரம் செத்து ஒரு வருடத்துக்கு மேல். அதன்மேல் இருந்த ரோசெல்லா, வானத்தைப் பார்த்த பக்கத்தில், உயிரோடு இருந்தது. தரையில் அழுந்திய பக்கம் மட்டும் வெளுத்துப் பழுப்பேறியிருந்தது. மரத்திடம் ஒன்றும் வாங்குவதில்லை என்று மேடம் சொன்னதற்குச் சாட்சி அங்கேயே கிடந்தது. ஆனால் பட்டை உரியத் தொடங்கியிருந்த இடங்களில் அதுவும் பட்டையோடு சுருண்டு விழுந்துகொண்டிருந்தது. வாடகை இல்லாமல் குடியிருந்தாலும் வீடு இடிந்தால் வெளியேதானே.

அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் முதுகுக்குப் பின்னால் வெளிமான் கூட்டம் ஒன்று போயிருக்கிறது. 32 பேரில் பார்த்தவள் அந்த வாந்தி எடுத்தவள் ஒருத்திதான்.

உங்களுக்கும் இப்படிக் கரையோரம் போய் வந்த அனுபவம் இருந்தால் எழுதுங்களேன்.

*

நான் கடலுயிரியல் படித்தவன். எங்களுக்கு லைக்கன் பாடத்திலேயே கிடையாது. பிச்சாவரத்துக்கு நண்டு பார்க்கத்தான் போனோம். கூட வந்த தாவரவியல் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் படகிலிருந்தபடியே கண்டல் மரங்களைக் காட்டி, "தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு மரத்தப் பாத்துச் சொல்லு" என்றார். பார்த்தால் தெரிகிறது. கீழே சேறு, சிப்பி, கொட்டலசு. கொஞ்சம் மேலே வெறும் பட்டை. அதற்கும் மேலேதான் வெள்ளைத் திட்டுகள் தொடங்குகின்றன. உப்புத் தண்ணீர் தினமும் நனைக்கிற இடத்துக்கு அவை இறங்குவதில்லை. யாரோ கயிறு பிடித்துக் கோடு போட்டது மாதிரி இருந்தது.

அந்தத் திட்டுகளில் ஒன்றை லென்ஸில் காட்டினார். கிராஃபிஸ் என்று பெயர். வெள்ளைப் பரப்பில் கறுப்பாகக் கீறல் கீறலாக, நெளிந்து, கிளைவிட்டு. அச்சு அசல் மை தடவிய ஓலைச்சுவடி. வட்டெழுத்தா கிரந்தமா என்று படிக்கப் பார்த்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள். அந்தக் கீறல்களுக்குள்தான் பூஞ்சை வித்துகளை உண்டாக்குகிறதாம்.

ஆர்வக்கோளாறில் நானும் ஒன்றைச் சுரண்டி எடுத்தேன். எந்த மரம் என்று பார்க்கவில்லை. கையில் பால் மாதிரி ஒட்டியது. துடைத்துக்கொண்டு, வியர்வை என்று கண்ணைத் தேய்த்தேன். தில்லை மரம்! சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான அதே மரம். பால் கண்ணில் பட்டால் பார்வையையே மங்கவைக்கும் என்று படகுக்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவர் துடுப்பைப் போட்டுவிட்டு, இருந்த குடிதண்ணீர் பாட்டில் அத்தனையையும் என் கண்ணில் ஊற்றினார். "தம்பி, கோயிலுக்குப் போனா மட்டும் போதாது, மரத்தையும் தெரிஞ்சுக்கணும்" என்றார். இரண்டு நாள் கண்ணைத் திறக்க முடியவில்லை. மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்துச் சரிசெய்தார். நண்டைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் ஒரு நண்டும் இல்லை.

*

நான் குமரி மாவட்டத்தில் பள்ளி ஆசிரியர். பாறைக் கரையில் பட்டை பட்டையாக நிறம் மாறும் என்று புத்தகங்களில் ஒரு படம் உண்டு: அலைக்கோட்டுக்கு மேலே கறுப்பு லைக்கன், அதற்கு மேல் ஆரஞ்சு, அதற்கும் மேல் சாம்பல். அதை நம்பி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை முட்டம் பாறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். கறுப்புப் பட்டை இருந்தது. "இதுதான் வெருகேரியா" என்று அறிவித்துவிட்டேன்.

மீனவர் வீட்டுப் பையன் ஒருவன், "சார், அதுல சவுட்டினா வழுக்கும். இதுல சவுட்டினா வழுக்காது" என்று மேலே இருந்த சாம்பல் திட்டைக் காட்டினான். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பிறகு கல்லூரியில் இருக்கும் நண்பருக்கு ஒரு துணுக்கைக் கொடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். கறுப்புப் பட்டை லைக்கனே இல்லை, நீலப்பச்சைப் பாசி. வழவழப்பு அதன் கோழையால். சாம்பல் திட்டுதான் லைக்கன், அது காய்ந்து சொரசொரப்பாக இருக்கும். புத்தகப் படம் பிரிட்டன் மாதிரியான குளிர்க் கடற்கரைக்குப் பொருந்துவது. நம் வெயிலில் பாறை தொட்டால் சுடும்; அந்த வரிசை இங்கே அப்படியே வருவதில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்று மாலை அவன் அப்பா ஒரு கூறு சாளை கொடுத்து அனுப்பியிருந்தார்.

*

நான் எங்கேயும் போகவில்லை. என் மகன் போய் வந்தான், அவதிப்பட்டது நான். காரைக்குடிப் பக்கம் எங்கள் வீடு. கறிக்குழம்புக்குக் கல்பாசி இல்லாமல் தாளிக்க மாட்டோம். களப்பயணம் முடிந்து வந்தவன் அடுப்படிக்குள் நுழைந்து, "அம்மா, இது பாசியும் இல்ல, கல்லுல மட்டும் வளர்றதும் இல்ல, இது லைக்கன்" என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டான். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது! மேல்பக்கம் சாம்பல், அடிப்பக்கம் கறுப்பு, ஓரத்தில் மயிர் என்று தட்டில் பரப்பிப் பிரித்தான். ஒரே பாக்கெட்டில் நாலைந்து வகையும், மரப்பட்டைத் தூளும், நிஜமான பாசி கொஞ்சமும் இருந்தன. நாற்பது வருடம் எல்லாவற்றையும் கல்பாசி என்றே போட்டிருக்கிறேன். வாசனைக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் கடலில் இறங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி எல்லாம் வேறு, அது கடலில் வளர்கிற நிஜப் பாசி என்றும் சொன்னான். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நீங்கள் சொல்கிற கடலோரச் சடையைக் குழம்பில் போடலாமா?

*

அம்மா, வேண்டாம். கடையில் வருகிற கல்பாசி பெரும்பாலும் இமயமலைப் பக்கத்திலும் மற்ற மலைகளிலும் எடுக்கிற பார்மோட்ரீமா வகை. ரோசெல்லாவைச் சமைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சேலைக்குச் சாயம் ஏற்றலாம், குழம்புக்கு வேண்டாம். அதோடு, சில வகைகள் வருடத்துக்கு 1 மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. உங்கள் ஒரு தாளிப்புக்கு எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று மகனிடம் கேட்டுவிடாதீர்கள், மறுபடி டப்பாவைப் பிடுங்கிக்கொள்வான்.

முட்டம் சாருக்கு: வழுக்குமா வழுக்காதா என்ற சோதனையை மேடத்திடம் சொன்னேன். பிளீச்சிங் பவுடரைவிடச் செலவு குறைவு என்றார்.

வரும் ஜனவரியில் மேடம் புதுப் பிள்ளைகளோடு மறுபடி கோடியக்கரை போகிறார், என்னையும் கூப்பிட்டிருக்கிறார். அந்த ஆறு மரத்தையும் திரும்ப அளக்க வேண்டும். வாட்சர் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டாராம், ஆனால் வேதாரண்யத்தில்தான் இருக்கிறார், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். போன் கவரைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.